மாற்றம் இருந்தால் மட்டும்

ஏரிக்கு மேலே பனியாறு.
ஏரிக்குக் கீழே நாங்கள்.
நடுவில்
கல்லும் மண்ணும் பழைய பனிக்கட்டியும் கலந்த ஒரு கரை,
யாரும் கட்டாதது,
எப்போது உடையுமென்று யாருக்கும் தெரியாதது.

அதன்மேல் நாற்பத்தொரு பெட்டிகளைப் பதித்தோம்,
பிஷ்கெக்கிலிருந்து வந்த எர்மெக்கும் நானும்
என் கிழட்டுக் குதிரையும்.
சோப்புப்பெட்டி அளவுதான் ஒவ்வொன்றும்.
கம்பி கிடையாது.
தான் இருக்கும் இடம் அதற்குத் தெரியும்.
காலடி மண் எத்தனை விரற்கடை நகர்ந்தது, தெரியும்.
பக்கத்துப் பெட்டியின் எண் தெரியும்.
அவ்வளவு போதும் என்றான் எர்மெக்.
எனக்கும் இந்த ஊரில்
அதற்கு மேல் எதுவும் தெரியாது.

பேசத்தான் மின்சாரம் அதிகம் போகுமாம்.
கேட்கவும் போகுமாம்.
தூங்கினால் மிச்சம்.
ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு கணம்தான் விழிப்பு;
தூரத்துக்குக் கூவாமல்
அண்டையின் காதில் மட்டும் சொல்வது,
அண்டை தன் அண்டைக்கு,
கைமாறிக் கைமாறி
பள்ளிக்கூடக் கூரைமேல் நிற்கும் கம்பம் வரை.
நாம் கேள்வி கேட்டாலும் ஊரையே எழுப்புவதில்லை.
'மேற்கு ஓரத்தில் இருப்பவை மட்டும்' என்றால்
மற்றவை புரண்டுகூடப் படுக்காது.
எல்லாவற்றுக்கும் மேலான சிக்கனம் ஒன்று:
மாற்றம் இருந்தால் மட்டும் பேசு.

அந்த விதி எனக்குப் புதிதல்ல.
யெகாத்தரின்பூர்கில் கான்கிரீட் கலக்கும் என் கணவன்
டொக்டோசுன், ரயிலேறும்போது சொன்னது:
'போனுக்குக் காசு ஆகும், புருலாய்.
சேதி இல்லையென்றால் சுகம் என்று வைத்துக்கொள்.'

வைத்துக்கொண்டேன்.

நாலு வருடம் தாங்கவேண்டிய மின்கலம்
நான்காம் எண்ணில் ஏழு மாதம்தான் தாங்கியது.
கம்பத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான்;
நாற்பது பெட்டிகளின் பேச்சும்
அதன் வாய்வழியாகத்தான் போகவேண்டும்.
'அருகில் இருப்பது முதலில் ஓயும்,
கணக்குப் போட்டுக் காட்டட்டுமா?' என்றான் எர்மெக்.
கணக்கு வேண்டாம்,
எனக்கு மாமியாரும் இரண்டு கொழுந்தன்களும் உண்டு என்றேன்.
சிரித்தான்.
நான் வீட்டுக்கு வரும் வழியில் சிரித்தேன்.

மே மாதம் இருபத்தாறாம் எண் பேசவில்லை.
பேசாதது விதிப்படி.
திரை பச்சையாக இருந்தது.
பதினோரு நாள் பச்சை.
பன்னிரண்டாம் நாள் தொலைந்த ஆட்டைத் தேடி மேலே போனேன்.
இருபத்தாறு இருந்த இடத்தில்
இடமே இல்லை.
மாட்டுக்கொட்டில் அளவு கரை
பெயர்ந்து கீழே கிடந்தது, ஈரமண் மணத்தோடு.
கண் விழிக்குமுன்பே பெட்டி நசுங்கியிருக்கவேண்டும்.
அண்டைப் பெட்டிகள் நின்றது பாறைமேல்;
அவற்றின் காலடியில் ஒன்றும் நகரவில்லை,
ஆகவே அவையும் வாய் திறக்கவில்லை.
அந்த வாரம் மழை பெய்யவில்லை.
அவ்வளவுதான் எங்களைக் காப்பாற்றியது.

எர்மெக் வெகுநேரம் திரையைப் பார்த்திருந்தான்.
'சுகமும் சாவும் ஒன்றுபோலவே கேட்கும்படி
நான்தான் எழுதியிருக்கிறேன்.'

நாளுக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொன்னால் என்ன?
'சொல்லலாம். சின்னப் பேச்சுதான்.
ஆனால் எல்லாமும் சொன்னால்
நான்காம் எண் இன்னும் சீக்கிரம்...'
நான்காம் எண்ணுக்கு நான் இருக்கிறேன் என்றேன்.

இப்போது ஐந்து மாதத்துக்கு ஒருமுறை குதிரையேறுகிறேன்.
புது மின்கலத்தை உள்சட்டைக்குள்
மார்போடு வைத்துக்கொள்ளவேண்டும்;
குளிர் பட்டால் பாதி உயிர் போய்விடும், அதற்கும்.

காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்தில்
திரையில் புள்ளிகள் வந்து விழும்.
ஒன்று. இரண்டு. ஐந்து. மூன்று.
பதினேழு கொஞ்சம் தாமதம், அதன் சுபாவம் அப்படி.
இருபத்தாறின் கட்டத்தை எர்மெக் அழிக்கவில்லை.

முதல் சம்பளத்தில் டொக்டோசுனுக்குக் காசு அனுப்பி எழுதினேன்:
விதி மாறிவிட்டது.
தினமும் ஒரு புள்ளி அனுப்பு. எழுத்து வேண்டாம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது,
ஒரு கேள்விக்குறி.

அதன் அடியிலும் ஒரு புள்ளி இருக்கிறது.